நொய்யல் கொடுத்த தள்ளுபடி

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் சேரும் நொய்யலுக்குக் காஞ்சி நதி என்று பழைய பெயர் உண்டு. பேரூர்க் கோயில் அதன் கரையில்தான் இருக்கிறது. சென்னிமலைப் பக்கம், அதன் வடகரையில் கொடுமணல் என்றொரு சிற்றூர். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே தோண்டியபோது கல்மணி செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிவந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் சரக்குச் செய்து கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள். நொய்யல் கரைக்கு ஏற்றுமதி புதிதல்ல. அந்த ஏற்றுமதிக்குப் பிறகும் ஆற்றுத் தண்ணீரை மாடு குடித்தது, மனிதன் குடித்தான்.

அதே வட்டாரத்தில், ஒரத்துப்பாளையத்தில், 1992-இல் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டி முடித்தார்கள். மழைக்கால வெள்ளத்தைப் பிடித்து வைத்து, கரூர் வரை பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவது திட்டம். கீழே ஆத்துப்பாளையத்தில் இன்னொரு நீர்த்தேக்கம், அங்கிருந்து வாய்க்கால்கள். வானம் பார்த்த பூமியில் சோளமும் கம்பும் விதைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் இனி மஞ்சளும் நெல்லும் போடலாம் என்று நம்பின. அந்த நம்பிக்கை சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. மேலே திருப்பூரின் சாயப்பட்டறைகள் ஆற்றில் விட்ட கழிவு முழுவதும் வந்து தேங்கும் இடமாக அணை மாறியது. 1990-களின் பின்பாதியில், இந்தத் தண்ணீரை எங்கள் வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள் என்று கரூர்ப் பக்கத்து விவசாயிகளே கேட்டார்கள். தண்ணீர் கேட்டுப் போராடும் உழவர்களையே பார்த்துப் பழகிய தமிழ்நாட்டில், அணைத் தண்ணீர் வேண்டாம் என்று முறையிட்ட உழவர்கள் இவர்கள்.

சாயம் எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு நடந்தது என்னவென்று புரியும். பருத்தித் துணிக்கு இப்போது பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் கரைந்த சாயம் தானாக நூலுக்குள் போகாது. அதை நூலை நோக்கித் தள்ள உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு என்று போனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு எண்பது கிராம் வரையிலும் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் மொத்தமும் கழிவு நீரோடு வெளியேறிவிடும். சாயத்திலும் ஒரு பகுதி ஒட்டாமல் கூடவே வரும். நிறத்தைச் சுண்ணாம்பு போட்டு இறக்கிவிடலாம். 1990-களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏறக்குறைய அவ்வளவுதான் செய்தன. உப்பு அப்படி இறங்காது. பார்வைக்குத் தெளிந்த தண்ணீராகவே அது ஆற்றில் ஓடி, வயலில் பாய்ந்து, கிணற்றில் இறங்கி, மண்ணில் தங்கிவிட்டது. 1980 முதல் 2000 வரையிலான இருபது ஆண்டுகளில் இருபது லட்சம் டன்னுக்கும் மேலான உப்பு இப்படி நொய்யல் படுகையில் கலந்தது என்று சென்னை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தென்னை மட்டை காய்ந்து தொங்கியது. கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. காங்கேயம் காளைக்குப் பேர்போன நாடு அது.

இவ்வளவுக்கும் உப்பைப் பிரித்தெடுக்கும் வழி அப்போதே தெரிந்ததுதான். அதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைச் செலவழிக்காததால் ஒரு கிலோ துணிக்குச் சாயம் போடும் கூலி குறைவாக இருந்தது, கூலி குறைந்ததால் டி-சர்ட்டின் விலை குறைந்தது, அந்த விலையைக் காட்டித்தான் ஆர்டர் வந்தது. ஐரோப்பியக் கடையில் அதை வாங்கியவருக்குத் தள்ளுபடி கொடுத்தது நொய்யல்.

திருப்பூருக்குப் பனியன் கம்பெனி 1920-களிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு காலம் அது வெள்ளை பனியனின் ஊர். நம் அப்பாக்கள், தாத்தாக்கள் சட்டைக்குள் போட்ட கையுள்ள, கையில்லாத வெள்ளை பனியன். 1970-களின் கடைசியில் இத்தாலிக்கு டி-சர்ட் போகத் தொடங்கியது. 1980-களில் ஐரோப்பாவின் பெரிய கடைகள் நேரடியாக வந்தன. உள்ளே போடும் வெள்ளை, வெளியே போடும் வண்ணமாக மாறியது அப்போதுதான். ஊரின் தலையெழுத்தையும் ஆற்றின் தலையெழுத்தையும் ஒன்றாக மாற்றியது அந்த வண்ணம்தான் என்பேன். 1980-களின் தொடக்கத்தில் சில கோடிகளாக இருந்த ஏற்றுமதி 2024-25-இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாயைத் தொட்டுவிட்டது. விவசாயம் பொய்த்த கொங்குக் கிராமங்களிலிருந்தும், மதுரை, தேனி, தஞ்சைப் பக்கமிருந்தும், பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த ஊர் சோறு போட்டது. படிக்காதவன் வந்தான், கைமடியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்தான், டெய்லரானான், நான்கு பவர்டேபிள் (மோட்டார் தையல் மேசை) போட்டு முதலாளியானான். இதைச் சிறுமைப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. அந்தச் சோற்றின் விலையை ஆற்றுக்குக் கீழே இருந்தவர்கள் கட்டினார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

அந்த விலையைக் கட்டியவர்கள் சும்மா இருக்கவில்லை. வேலூர்த் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதையொட்டி அமைந்த ஆணையம் நொய்யல் படுகையையும் ஆராய்ந்து, 2004-இல் இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. மஞ்சள் விளையாத நிலத்துக்கு, குடிக்க உதவாத கிணற்றுக்கு, விற்றுத் தீர்த்த மாட்டுக்கு அதுதான் கணக்கு. பிறகு நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடாத நிலையை எட்ட வேண்டும், அதுவரை விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் தோற்றார்கள். அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ஆம் தேதி, எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் இழுத்து மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின்சாரம் ஒரேயடியாகத் துண்டிக்கப்பட்டது.

அந்த ஆண்டு திருப்பூர் பட்ட பாட்டை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. வேலை இல்லாமல் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள், வாடகை வீடுகள் காலியாகின, சாயம் போட லாரியில் துணி வெளியூர் போனது. மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. மெல்ல மெல்லப் பட்டறைகள் திறந்தன. இன்று அங்கே கழிவு நீரை ஆர்.ஓ. சவ்வுகளில் வடிகட்டுகிறார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பச் சாயம் போடுகிறார்கள். இந்த அளவில், ஒரு தொழில் நகரம் மொத்தமும் இந்த முறைக்கு மாறியது இந்தியாவில் இங்கேதான் முதலில் நடந்தது. திருப்பூர் பெருமைப்பட வேண்டிய மாற்றம் இது. நீதிமன்றம் கழுத்தைப் பிடித்த பிறகுதான் நடந்தது என்றாலும் நடந்தது.

ஆனால் இந்தக் காய்ச்சி வடிக்கும் செலவு டி-சர்ட்டின் விலையில் ஏறவில்லை. திருப்பூர் ஏற்றுமதியாளர்களின் நீண்டகாலக் குறை இதுதான், அது நியாயமான குறை. தண்ணீரைச் சுத்தம் செய்கிறோம், ஒரு துண்டுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டால், அந்தக் கட்டாயம் இல்லாத நாட்டின் விலையை எடுத்துக் காட்டுவார் வாங்குபவர். 2004 முடியும் வரை எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று கோட்டா இருந்தது. 2005 ஜனவரி 1 முதல் அது போய்விட்டது. அதற்குப் பிறகு வங்கதேசம், வியட்நாம், கம்போடியா, சீனா என்று எங்கே மலிவோ அங்கே ஆர்டர் ஓடியது. முன்பு கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று பெரிய பெரிய ஆர்டராக வரும். இப்போது வாராவாரம் புது டிசைன், சின்னச் சின்ன ஆர்டர், குறைந்த நாள். கப்பல் தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில் விழும். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, தைத்து முடித்த சரக்குக்கே பணம் தராமல் ஆர்டரை ரத்து செய்த பெரும் பிராண்டுகள் உண்டு. ஆற்றுக்குத் தர வேண்டியதை நீதிமன்றம் வசூலித்தது. வாங்குபவர் விலையைக் கூட்டவில்லை. இடையில் இருந்தவர் எதில் மிச்சம் பிடிப்பார்? துணியின் விலை குறையக்கூடிய இடம் இன்னும் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது தைப்பவரின் கூலி.

1984-இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாலு மாதத்துக்கு மேல் அடுப்பு எரியாமல் நின்று சாதித்த ஊர் அது. இன்று அப்படி நிற்க முடியுமா? பெரிய கம்பெனியிலிருந்து ஜாப் ஒர்க், அங்கிருந்து பவர்டேபிள், அங்கிருந்து காண்டிராக்டர் என்று வேலை சிதறிக் கிடக்கிறது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு முதலாளி யார் என்பதே பல சமயம் தெளிவாக இல்லை. வெளிமாநிலத்திலிருந்து வந்தவருக்குத் தங்கும் இடத்தையும் கம்பெனியே தருவதால், வேலை போனால் கூரையும் போகும். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை நீளும் நாளுக்கு அங்கே ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். அதுவே அங்கே சாதாரண நாள்.

நூல் மில்களில் நடந்தது இன்னும் கொடியது. 2000-களில் தென் மாவட்டக் கிராமங்களுக்குப் புரோக்கர்கள் வந்தார்கள். மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால், முடியும்போது முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகக் கையில் தருவோம், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றார்கள். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். பதினாலு, பதினஞ்சு வயதுப் பெண்பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். மாதாமாதம் கிடைத்தது கொஞ்சம். மொத்தத் தொகை அவர்களுடைய சொந்தக் கூலியிலிருந்தே பிடித்து வைத்தது. நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினால் அந்தத் தொகை பல மில்களில் கிடைக்கவில்லை. வெளியே போக வேண்டுமென்றால் வார்டன் அனுமதி, போன் பேசினால் பக்கத்தில் ஆள். 2011-இல் இதைப் பற்றி வெளிநாட்டு ஆய்வறிக்கைகள் வந்த பிறகுதான் பிராண்டுகள் விழித்தன. ஆயத்த ஆடைக் கம்பெனிகளில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு, வேலை நிற்காமல் இருக்க, பெயரில்லாத மாத்திரைகளைக் கொடுத்த செய்தி 2019-இல் வெளிவந்தது. ஒரு மணி நேரம் படுத்தால் டார்கெட் குறையும் என்பதற்காக ஒரு பெண்ணின் உடம்புக்குள் எது போகிறது என்று அவளுக்கே தெரியாமல் வைத்திருக்கிறோம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் அடங்கவில்லை.

டாக்காவுக்கு அருகே சவாரில் 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதும் இந்த விலைப் போட்டியில்தான். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. மேலே இருந்த தையல் தொழிலாளர்களை மறுநாள் காலையில் உள்ளே போகச் சொன்னார்கள், ஆர்டர் முடிய வேண்டுமே என்று. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான பிராண்டுகள் கையெழுத்திட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் வந்தது, அது சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியது. நம் பக்கமும் ஒன்று நடந்தது. திண்டுக்கல் அருகே ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021-இல் கொல்லப்பட்டார். பெண்களும் தலித்துகளும் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022-இல் தொழிற்சாலை நிர்வாகத்தையும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளையும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தது. பாலியல் தொல்லை பற்றித் தொழிலாளர்களே கண்காணித்துப் புகார் செய்யலாம், நிர்வாகம் மீறினால் ஆர்டருக்குப் பாதிப்பு வரும் என்றது அந்த ஒப்பந்தம். விலை பேசும் இடத்தில் தொழிலாளியின் குரலும் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் இருக்கும் நல்ல உதாரணம் இதுதான்.

இப்போது நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று துணி எடுத்த காலத்தில், எடுத்தது துணிதான், சட்டை அல்ல. அதை டெய்லரிடம் கொடுத்து, வளரும் பிள்ளை என்று சொன்னால், உள்மடிப்பில் துணி விட்டுத் தைப்பார். பாவாடையில் டக் பிடித்து வைப்பார்கள், வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து விடுவார்கள். காலர் நைந்தால் திருப்பிப் போட்டுத் தைப்பார்கள். அண்ணன் சட்டை தம்பிக்கு. பாட்டியின் நூல் சேலை தூளியானது, பிறகு பச்சைக் குழந்தைக்குக் கீழ்த்துணியானது, கடைசியில் அடுப்படியில் பிடிதுணியானது. இதை வெறும் ஒழுக்கம் என்று சொல்லிப் புகழ மாட்டேன். பணம் இல்லாததும் ஒரு காரணம். இருந்த ஒரே சட்டையை ராத்திரி துவைத்துக் காயப்போட்டுக் காலையில் ஈரத்தோடு பள்ளிக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த வீடுகளில் இன்று நாலு சட்டை தொங்குவது நல்ல மாற்றம். மலிவுத் துணியைப் பழிக்கும்போது அந்த வீட்டுப் பிள்ளையைப் பழித்துவிடக் கூடாது.

கேள்வி கேட்க வேண்டியது நாற்பது சட்டை தொங்கும் வீட்டை. 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலகின் ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானது, ஓர் உடுப்பை அணியும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இப்போது உலகில் செய்யும் இழைகளில் பாதிக்கு மேல் பாலியஸ்டர், அதாவது பெட்ரோலியத்தில் பிறந்த பிளாஸ்டிக். அது தூளிக்கும் ஆகாது, ஈரம் துடைக்கவும் ஆகாது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளைச் சாக்கடையில் விடும். முன்பு பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்தவர் தெருவில் வந்தார், அவருக்கு அந்தத் துணியில் ஒரு விலை இருந்தது. இன்றைய சட்டைக்கு அந்த விலை கிடையாது. மேலை நாடுகள் கழித்துப் போடும் துணி கப்பலேறி கானாவின் அக்ராவில் காண்டமாண்டோ சந்தைக்குப் போகிறது. விற்காமல் மிஞ்சுவது அங்குள்ள கடற்கரையில் சேர்கிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் துணி மலையே குவிந்திருக்கிறது. இங்கே நம் ஊர் குப்பைக் கிடங்குகளிலும் அது கூடிக்கொண்டுதான் போகிறது.

நொய்யல் இன்னும் மீளவில்லை. சாயக்கழிவு வெகுவாகக் குறைந்தாலும் கோவை, திருப்பூர் நகரங்களின் சாக்கடை அதில் ஓடுகிறது. மழை பெய்யும் இரவுகளில் சாயத்தைத் திறந்துவிடும் பட்டறைகள் இன்றும் பிடிபடுகின்றன. 2011-க்குப் பிறகு சாய வேலையின் ஒரு பகுதி ஈரோடு, பவானி, குமாரபாளையம் என்று காவிரிக் கரைக்கு நகர்ந்தது. அனுமதியில்லாப் பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும், அவை வேறு இடத்தில் முளைப்பதுமாக இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களில் மீட்டெடுக்க முடியாத கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. காய்ச்சுவதற்கு விறகு எரிகிறது. இந்தச் செலவை விலையில் ஏற்றாத வரை, அது ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கூலிக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு விஷயம் நம்மைப் பற்றியது. ஏற்றுமதிக் கம்பெனிக்காவது வெளிநாட்டு வாங்குபவர் அனுப்பும் ஆடிட்டர் வருவார். கண்துடைப்பாகச் சில நடந்தாலும், வயதுச் சான்றும் சுத்திகரிப்புப் பில்லும் ஒரு கோப்பில் இருந்தாக வேண்டும். நமக்காக, உள்ளூர்ச் சந்தைக்குத் தைக்கும் சிறு யூனிட்டுக்குப் பெரும்பாலும் அப்படி யாரும் வருவதில்லை. தீபாவளிக்குப் பல மாதம் முன்பே பெரிய துணிக்கடைகளின் கொள்முதல்காரர்கள் திருப்பூர் வந்து நிறம், சைஸ், டெலிவரி தேதி, விலை ஆகியவற்றைப் பேசி முடிக்கிறார்கள். எந்தப் பட்டறையில் சாயம் போட்டது, அந்தப் பட்டறை எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர் என்ற இரண்டையும் அவர்கள் கேட்டால், பதில் சொல்வது கடினமில்லை. சுத்திகரிப்பு நிலையம் தண்ணீர் அளவுக்குத்தான் பணம் வாங்குகிறது, அதற்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைக் காட்ட முடியாத பட்டறையிடம்தான் கிலோவுக்குச் சில ரூபாய் குறைவாகச் சாயம் போட்டுக் கிடைக்கும். துணியின் வகையும் அளவும் அச்சிடும் அதே சீட்டில் இந்த இரண்டு விவரங்களையும் அச்சிடச் சொல்லித் தமிழ்நாடு அரசு கேட்க வேண்டும், கடைகள் அரசுக்குக் காத்திராமல் இந்தத் தீபாவளிக்கே அச்சிட வேண்டும்.